வெட்டு வாங்கின பலகை

“...இதுல கீற வெட்டெல்லாம் என் வெரல்ல வுழ வேண்டியது, மாமே.”

பூந்தமல்லியில் கிளம்பிய ஆவடி பஸ்ஸில், முன் சீட்டுத் தச்சர் இப்படிச் சொன்னதும் எட்டிப் பார்த்தேன். அவர் மடியில் ஓரமெல்லாம் வெட்டுப்பட்ட ஒரு பலகை. அதில் ஒரு கைப்பிடி, கட்டையை இறுக்க ஒரு திருகு. அவர் பக்கத்திலிருந்த சிநேகிதருக்கு அன்றுதான் ஆவடிப் பட்டறையில் ரம்ப மெஷினில் முதல் நாள் வேலை.

“சட்டத்துல, தொளைக்குள்ள சொருகுற நாக்கு வெட்றப்ப கட்டைய நட்டுக்குத்தா நிறுத்தித் தள்ளணும். வெறுங்கையில புடிச்சா ஆடும். ஆடிச்சுனா பிளேடு கைய இஸ்துக்கும். கட்டைய இதுல இறுக்கிட்டு இத்தத் தள்ளு. கை பின்னாலயே நின்னுரும்.”

“மொதலாளி பாத்தா பயந்தாங்கொள்ளின்னுவாரு, அண்ணாத்தே.”

“சொல்லிட்டுப் போறாரு. வெரலு போனா அவரா மொளைக்க வெப்பாரு?”

எனக்கே கை தட்டலாம் போலிருந்தது. சிநேகிதர் சிரித்தபடி திருகைத் திருகிப் பார்த்தார்.

“நானும் இது மேரி ஒண்ணு பண்ணிக்கிறேன். இன்னிக்கு ஒரு நாளு வெறுங்கையாலயே ஓட்டிர்றேன்.”

சென்னீர்குப்பம் வந்ததும் தச்சர் எழுந்து, பலகையைச் சிநேகிதர் மடியில் வைத்தார்.

“அப்ப உனுக்கு?”

“எனுக்கு கைரம்பம் கீது, இன்னிக்கு அதுலயே அறுத்துக்கிறேன்,” என்று சொல்லிவிட்டு இறங்கி, தன் பட்டறையைப் பார்த்து நடந்தார்.