அக்கா பையனுக்கு ஒரு இடம்

சிரெல்: ஒன்பதாயிரம் டாலர். வருஷத்துக்கு. அது பேப்பர்ல.

ஜெலிக்: பேப்பர்ல சரி. நேர்ல?

சிரெல்: நேர்ல இதுவரைக்கும் யாரும் முழுசா கட்டினதில்ல. உக்காருங்க, ஏன் நிக்கறீங்க?

ஜெலிக்: இருக்கட்டும்மா. கட்டலன்னா செமினரி எப்படி நடக்குது?

சிரெல்: கீழ மீன் கடை வாடகை வருது. மிச்சத்துக்கு நான் கத்தறேன், நடக்குது. எங்க வீட்டுக்காரர் ரப்பி, பசங்களுக்கு யூத வேத பாடம் சொல்லித் தர்றார். மத்ததெல்லாம் நான்தான். சமையல், ஆபீஸ், அட்மிஷன். உருளைக்கிழங்கு குகல் சாப்பிடுங்க. இப்பதான் அடுப்புலேருந்து எடுத்தேன்.

ஜெலிக்: வேண்டாம்மா. ரெண்டரைக்கு டூட்டி. விசாரிச்சுட்டுப் போயிடறேன்.

சிரெல்: இப்ப மணி ஒண்ணுதானே? சாப்பிடுங்க. பேரு என்ன சொன்னீங்க?

ஜெலிக்: ஜெலிக்.

சிரெல்: ஜெலிக் ஐயா, யாருக்காக விசாரிக்கறீங்க? மகனா?

ஜெலிக்: இல்ல... அக்கா பையன்.

சிரெல்: வயசு?

ஜெலிக்: அது வந்து... பதினெட்டுக்கு மேல ஆச்சு.

சிரெல்: எவ்வளவு மேல?

ஜெலிக்: நல்லாவே மேல. வயசு வரம்பு ஏதாவது...

சிரெல்: மூச்சு இருக்கணும். அவ்வளவுதான்.

ஜெலிக்: சிரிக்காதீங்கம்மா. விண்ணப்பம் போட்டா நூத்துக்கு எத்தனை பேரை எடுப்பீங்க?

சிரெல்: நூறு பேரா! நூறு பேர் வந்தா இந்தப் படிக்கட்டே விழுந்துடும். போன வருஷம் கேட்டவங்க எல்லாரையும் எடுத்தோம். அதுல ஒருத்தன் மீன் வாங்க வந்தவன். மாடி ஏறிட்டான் பாவம். இப்ப நல்லா படிக்கறான்.

ஜெலிக்: மொத்தம் எத்தனை பசங்க இருக்காங்க?

சிரெல்: ஐயையோ, ஆளை எண்ணலாமா? கண்ணு பட்டுடும்!

ஜெலிக்: தெரியும்மா. எங்கம்மா எங்களை எண்ணும்போது 'ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, மூணு இல்ல'ன்னுதான் எண்ணுவாங்க. அப்படி எண்ணிச் சொல்லுங்களேன்.

சிரெல்: நிறைய பேர்னு வெச்சுக்கங்க. வெள்ளரிக்காய் ஊறுகாய் வைக்கட்டுமா?

ஜெலிக்: நுழைவுத் தேர்வு உண்டா?

சிரெல்: தால்முத் சாஸ்திரப் புத்தகத்துல ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல்வார்.

ஜெலிக்: தெரியலன்னா?

சிரெல்: தெரியலன்னு சொன்னா சேத்துப்பார். தெரியும்னு புளுகினா கதவைச் சாத்திடுவார். பொய் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. போன மாசம் ஒரு பையனை வீட்டுக்கு அனுப்பிட்டார். தங்கமான பையன். காய்ச்சல்னு சொல்லிட்டு பேஸ்பால் பாக்கப் போயிட்டான்.

ஜெலிக்: சின்னப் பொய்க்கேவா?

சிரெல்: ஏன், உங்க அக்கா பையன் பொய் சொல்வானா?

ஜெலிக்: எப்பவாவது... கூச்சத்துல.

சிரெல்: அப்படி என்ன கூச்சம்?

ஜெலிக்: பதினாறு வயசுல அவனுக்கு அப்பா போயிட்டார்மா. புத்தகத்தை மூடி வெச்சுட்டு வேலைக்குப் போனான். இப்ப பஸ் ஓட்டறான். இந்தத் தெரு வழியாத்தான் ரூட். சிக்னல்ல நிக்கும்போது உங்க ஜன்னல்லேருந்து பசங்க ஒருத்தனோட ஒருத்தன் மல்லுக்கட்டிப் படிக்கறது கேக்கும். பச்சை விழுந்தாலும் வண்டியை எடுக்க மாட்டான். பின்னால ஹாரன் அடிச்சே கொல்லுவாங்க. அவ்வளவு ஆசை அவனுக்கு. ஊர் சிரிக்கும்னு பயம்.

சிரெல்: ம்... நீங்களும் பஸ்தானே ஓட்டறீங்க? சட்டையில பேட்ஜ் இருக்கே.

ஜெலிக்: குடும்பமே பஸ்தான்மா. சரி, நான் கிளம்பறேன்.

சிரெல்: அதுக்குள்ளயா! டீ போடறேன்.

ஜெலிக்: வேண்டாம்.

சிரெல்: அப்ப இன்னொரு துண்டு குகல். ஓரம், நல்லா முறுகலா இருக்கு...

ஜெலிக்: அம்மா, நீங்க ஏன் என்னைப் போகவே விட மாட்டேங்கறீங்க?

சிரெல்: வந்தவங்களை வெறும் வயித்தோட அனுப்பலாமா?

ஜெலிக்: வெறும் வயிறா! மூணு துண்டு ஆச்சு. வரும்போதே பாத்தேன், வாசல்ல ஆணியில தொப்பி மாட்டியிருக்கு. ஆளைத்தான் எண்ணக்கூடாது, தொப்பியை எண்ணலாம்ல? ஒன்பது. ஒன்றரைக்கு மதியப் பிரார்த்தனைன்னு பலகையில போட்டிருக்கு. பத்து ஆம்பளைங்க இல்லாம ஆரம்பிக்க முடியாது.

சிரெல்: ...அவர் தொப்பியையும் சேத்துத்தான் ஒன்பது.

ஜெலிக்: நிறைய பேர்னீங்களே!

சிரெல்: எண்ணாம பாத்தா நிறையதான். அந்த பேஸ்பால் பையன்தான் பத்தாவது. அவன் போனதுலேருந்து தெருவுல போறவங்களையெல்லாம் குகல் காட்டிப் பிடிச்சிட்டிருக்கேன். போன வாரம் கேஸ் மீட்டர் பாக்க வந்தவர் ரெண்டு வேளைப் பிரார்த்தனையும் முடிச்சுட்டுத்தான் போனார்.

ஜெலிக்: ரப்பிக்குத் தெரியுமா?

சிரெல்: தெரிஞ்சா என்னையே எங்கம்மா வீட்டுக்கு அனுப்பிடுவார்! நான் பொய்யா சொன்னேன்? குகல்தானே குடுத்தேன்?

ஜெலிக்: ஹாஹா... சரிம்மா, இன்னிக்குப் பிரார்த்தனைக்கு நான் வரேன்.

சிரெல்: நல்லா இருப்பீங்க! அப்ப நாளைக்கு?

ஜெலிக்: நாளைக்கு என்ன?

சிரெல்: உங்க அக்கா பையனை வரச் சொல்லுங்க. ஃபீஸ் ஒரு பைசா வேண்டாம். வாசிக்கத் தெரியாட்டி பரவாயில்ல. வயசும் நான் பாத்துக்கறேன். பொய் மட்டும் கூடாது, அங்க என் சிபாரிசு செல்லாது.

ஜெலிக்: அப்படியா...

சிரெல்: ஆமா. உங்க அக்கா போன் நம்பர் குடுங்க. நானே பேசறேன்.

ஜெலிக்: அம்மா...

சிரெல்: சொல்லுங்க, எழுதிக்கறேன்.

ஜெலிக்: எனக்கு அக்காவே கிடையாதும்மா. காலையில எத்தனை மணிக்கு வரணும்?