துபாய்க்குப் போகவிருந்த புளி

பெயர்: நாகேந்திரம் பாலேஸ்வரி. வயது: ஐம்பத்து நான்கு. கணவர் காலமாகிவிட்டார். பிறந்த இடம்: சாவகச்சேரி. முகவரி: வெள்ளவத்தை, காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையிலுள்ள தொடர்மாடியின் மூன்றாம் மாடி. கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவு உண்டு. தொழில்: முன்பு துபாயில் பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பாளர், தற்போது இல்லை. 2008 ஓகஸ்ட் மாதம், பிற்பகல், பொலிஸ் நிலையத்தில் தமிழில் கூறியதைச் சார்ஜன்ட் மக்கீன் தமிழிலேயே எழுதிக்கொண்டார். அவர் கூறுவதாவது:

என்னை இங்கே யாரும் அழைத்து வரவில்லை. நானாகவே முச்சக்கரவண்டி பிடித்து வந்தேன். நேற்று மத்தியானம் கொட்டாஞ்சேனையில் கைது செய்யப்பட்ட கௌரி என்ற பெண்ணோடு தொலைபேசியில் கதைத்தவள் நான்தான் என்பதைச் சொல்லவே வந்தேன்.

கௌரியின் கணவர் துபாயில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறார். நான் அங்கிருந்த காலத்தில் எங்கள் கட்டடத்தில்தான் அவரும் அறை எடுத்திருந்தார். மனைவிக்கு விசா கிடைத்ததும் அவர் எனக்குத் தொலைபேசி எடுத்து, அவள் வெளிநாடே காணாதவள், போக வர உள்ளதைச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டார். அதன் பின்னர் கௌரி ஒருமுறை வெள்ளவத்தைக்கு வந்து என் வீட்டில் தேநீர் குடித்துவிட்டுப் போனாள். மற்றெல்லாம் தொலைபேசியில்தான். அவள் தங்கியிருந்த லொட்ஜில் தொலைபேசி கிடைக்காத நேரங்களில் பக்கத்திலுள்ள தொலைத்தொடர்புக் கடையிலிருந்து எடுப்பாள்.

நான் என்னென்ன சொல்லிக்கொடுத்தேன் என்று பொறுப்பதிகாரி கேட்டபடியால் அதையும் சொல்கிறேன். கசகசா ஒரு மணிகூடக் கொண்டுபோகாதே, அங்கே அது போதைப்பொருள், சிறைக்குப் போக நேரும் என்று சொன்னேன். மருந்துக் குளிசை கொண்டுபோவதானால் டொக்டர் எழுதிய மருந்துத் துண்டும் கையில் இருக்க வேண்டும் என்றேன். வெளியே நெருப்பு வெயில், உள்ளே ஏசி, ஆகவே சால்வை ஒன்றைக் கைப்பையிலேயே வை என்றேன். நோன்பு தொடங்கினால் பகலில் வீதியில் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது, வெள்ளிக்கிழமை மத்தியானத் தொழுகை முடியும்வரை கடைக்கு இறங்காதே, அரபுப் பெண்களைப் படம் எடுக்காதே என்றும் சொன்னேன். வெயில் காலத்தில் குளிர்நீர்க் குழாயில் கொதிதண்ணீர்தான் வரும், ஹீட்டரை நிறுத்திவிட்டுச் சுடுநீர்க் குழாயைத் திறந்து குளி என்று சொன்னதையும் இவர்கள் ஏதோ ஒரு குறிப்பு என்று சந்தேகப்படுகிறார்கள். அது குறிப்பல்ல. தண்ணீர்த் தொட்டி மொட்டைமாடியில் வெயிலில் கிடக்கிறது, ஹீட்டர் வீட்டுக்குள் இருக்கிறது. அங்கே வேலைக்குப் போய்வந்த எவரையும் கேட்டுப் பார்க்கலாம்.

இனிப் புளி விசயம். துபாயில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் றலியா, மருதானையைச் சேர்ந்த முஸ்லிம் பெண். அங்கே விற்கிற புளியில் புளிப்பே இல்லை, ஆரும் வந்தால் கொடுத்துவிடு என்று கேட்டிருந்தாள். நாங்கள் ஊரில் பழப்புளி என்றுதான் சொல்வோம். ஆனால் நான் ஒன்பது வருசம் இந்தியாக்காரரின் கடைகளில் சாமான் வாங்கிப் பழகியவள். அவர்கள் கொட்டைப் புளி, கொட்டை எடுத்த புளி என்று பிரித்துச் சொல்வார்கள். அந்தப் பேச்சு என் வாயில் ஒட்டிவிட்டது. நேற்று அந்தக் கடையிலிருந்து எடுத்த கௌரியிடம் நான், கொட்டை எடுத்த புளி இரண்டு பொதி கொண்டுபோ, றலியாவின் அண்ணன் நாளைக்கு விமான நிலையத்திலேயே கொண்டுவந்து தருவார் என்றேன். லைன் சரியில்லாததால் அவள் உரத்துக் கேட்டாள்.

“கொட்டைப் புளியோ அக்கா? ரெண்டும் நாளைக்கு எயார்போர்ட்டுக்கு வந்திடுமோ? அங்கால ஆக்கள் வந்து எடுப்பினமோ?”

துபாய் விமான நிலையத்துக்கு றலியா வருவாள் என்பதால் நான் ஓம் என்றேன். அவ்வளவுதான் கதை. கடையில் அவளுக்குப் பக்கத்தில் வரிசையில் நின்ற ஒருவர் போய்ப் பொலிஸில் சொல்லியிருக்கிறார். சிங்களத்தில் புலியைக் கொட்டியா என்பார்கள், இயக்கக்காரரையும் அப்படித்தான். புலி என்ற தமிழ்ச் சொல்லும் அவர்களுக்குத் தெரியும், புளியும் புலியும் அவர்கள் காதில் ஒன்றுதான். கொட்டி, புலி, இரண்டு, நாளை, எயார்போர்ட். இவ்வளவும் அந்த மனிதரின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பதை நான் விளங்கிக்கொள்கிறேன். அவரில் எனக்குக் கோபம் இல்லை. விளங்கிய பிறகும் விடாமல் வைத்திருப்பவர்களில்தான் கோபம்.

அதன் பின்னர் லொட்ஜ் நடத்தும் நிக்கலஸ் இன்று காலை, கௌரி அவரிடம் கொடுத்து வைத்திருந்த என் இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்து, கௌரியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதையும், கதைத்தது யாரோடு என்று கேட்டதற்கு அவள் பெயர் சொல்ல மறுத்துவிட்டதையும் சொன்னார். நான் உடனே றலியாவின் அண்ணன் வீட்டுக்குப் போய் அந்த இரண்டு பொதிகளையும் வாங்கிக்கொண்டு இங்கு வந்தேன். பொறுப்பதிகாரி ஒரு பொதியைக் கத்தியால் கீறினார். சார்ஜன்ட் மக்கீன் விரலால் தொட்டு நாக்கில் வைத்து முகம் சுளித்து, “சியம்பலா, சேர்” என்று சிங்களத்தில் சொன்னார். சியம்பலா என்றால் புளிதான்.

அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. கௌரியின் அடையாள அட்டையில் கிளிநொச்சி என்று இருக்கிறது, அது புலிகளின் கையிலுள்ள ஊர். பொதியிலுள்ள புளியும் வாயால் சொன்ன புளியும் ஒன்றுதானா என்பதற்கு என்ன சாட்சி என்று பொறுப்பதிகாரி கேட்டார். நான்தான் சாட்சி என்றேன். அப்படியானால் நானும் இங்கேயே தங்க நேரும் என்றும், அந்தப் பெண்ணை ஒரு தடவைதானே கண்டிருக்கிறேன் என்றும் அவர் சொன்னதை சார்ஜன்ட் மொழிபெயர்த்தார். பிறகு தன் பங்குக்கும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“அம்மா, ஒங்களுக்கு எதுக்கு இந்த வேல? தெரியாதுண்டு செல்லிட்டு ஊட்டுக்குப் போங்க.”

இதையும் எழுத வேண்டுமா என்று அவர் கேட்டார். எழுதச் சொன்னேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். எனக்குப் பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இங்கே வந்து உட்கார்ந்த நேரம் முதல் கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்க முடியவில்லை. ஆனால் கௌரியின் விசாவில் நாட்டுக்குள் நுழையத் தந்த தவணை நாளையோடு முடிகிறது. இன்றிரவு விமானம் தவறினால் அவள் கணவர் திரும்ப முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும், அதுவரை இந்த அடையாள அட்டையோடு அவள் கொழும்பில் எந்த லொட்ஜில் இருப்பாள் என்பதை இவர்களே சொல்லட்டும்.

அதன் பின்னர் கௌரியை இந்த மேசைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கசங்கிய சட்டையோடு நின்றாள், ஒரு காலில் செருப்பு இல்லை. என்னைக் காட்டி, தொலைபேசியில் கதைத்தது இந்த அம்மாவோடா என்று கேட்டார்கள். அவள் என் முகத்தை நேரே பார்த்தாள்.

“இல்லை. இவவை எனக்குத் தெரியாது. ஒருநாளும் காணேல்லை.”

பொறுப்பதிகாரி பேனையை மூடினார். அவளே தெரியாது என்கிறாள், நான் எழும்பிப் போகலாம் என்றார். பெற்ற பிள்ளைகூட எனக்காக இப்படி ஒரு பொய் சொல்லுமோ தெரியாது. நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. அவள் சொன்னது பொய். நேற்றிலிருந்து அவள் சொன்ன பொய் அது ஒன்றுதான், அதையும் என்னைக் காப்பாற்றவே சொன்னாள். எனக்கு அவளைத் தெரியும், அவளோடு கதைத்தவள் நான், புளி கொண்டுபோகச் சொன்னவளும் நான் என்று எழுதும்படி மீண்டும் கேட்டேன். சார்ஜன்ட் எழுதினார்.

இது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. இதில் கூட்டவோ குறைக்கவோ எனக்கு ஒன்றும் இல்லை. யாரும் வற்புறுத்தாமல் நான் சொன்ன இவை அனைத்தும் மெய். நான் கையெழுத்து வைக்கும் இந்த நேரத்தில் அவளுடைய விமானம் இன்னும் புறப்படவில்லை.

(ஒப்பம்) நா. பாலேஸ்வரி
எழுதி வாசித்துக் காட்டியவர்: சார்ஜன்ட் மக்கீன்