கொழுந்துத் தண்ணீர்

கண்டி ஸ்டேஷனில் ரயில் இன்னும் கிளம்பவில்லை. எனக்கு எதிரே ஒரு புருஷனும் பெண்சாதியும் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஆட்குறைப்பு, ஒரேயடியாக இந்தியாவுக்குத் திரும்புகிறார்கள் என்பது அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது. தூரத்து மலையில் கிடந்த மூடுபனியைக் காட்டி அவன் சொன்னதுதான் என் காதை இழுத்தது.

“அந்தா பாரு, நீ கிள்ளுன கொழுந்துத் தண்ணி.”

“என்னா பேசுறீங்க?”

“பாக்டரி ஸ்டோர்ல கொழுந்து வாட்டுறவன் நான், எனக்குத் தெரியாதா? மாடியில பரப்புறப்ப கனக்கும். மறுநா அள்ளுறப்ப பாதிக் கனம் இருக்காது. அந்தத் தண்ணியெல்லாம் ஆவியா ஜன்னல் வழியா போயி, குளுந்து, பனியா எறங்குது.”

அவள் மலையையே பார்த்தாள்.

“நம்ம பிள்ளயப் பொதச்ச எடத்துலயும் எறங்குமா?”

“ராவெல்லாம் எறங்கும்.”

“அங்க நட்ட செவ்வந்திக்கு அது போதுமா? நான் தெனம் அந்திக்கு ஒரு செம்பு ஊத்துவேனே.”

“போதும் புள்ள. அதுக்குத்தான் சொல்றேன்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ரயில் ஊதியது.

“இனிமே என் நெரையில யாரு கொழுந்து கிள்ளுவா?”

“மீனாச்சின்னு கங்காணி சொன்னாரு.”

“அவளா!” என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அவ முத்துன எலையா பாத்து உருவிப் போடுவாளே. அதுல ஏதுங்க தண்ணி?”