கடைசி எட்டுப் பக்கம்

புத்தகத்திலிருந்து பக்கத்தை வெட்டுவதற்கு பிளேடைவிட ஸ்கேல்தான் முக்கியம், ஐயா. இரும்பு ஸ்கேலாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் ஸ்கேல் நகர்ந்து தையலை அறுத்துவிடும். பிறகு முன்பக்கங்களும் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். நாற்பத்து மூன்று புத்தகங்களில் ஒன்றில்கூடத் தையல் அறவில்லை என்று உங்கள் விசாரணை அறிக்கையில் ஒரு வரி சேர்த்துக்கொண்டால் மகிழ்வேன். சேதப்படுத்தினான் என்று எழுதுங்கள். அலட்சியமாகச் சேதப்படுத்தினான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

நான் இந்த நூலகத்தின் நிகழ்ச்சி உதவியாளன். மக்களை உள்ளே வரவழைப்பது என் வேலை. புத்தகம் எடுக்க வருகிறவர்கள் கணக்கில் சேர மாட்டார்கள். அவர்கள் நூலகரின் ஆட்கள். நிகழ்ச்சிக்கு வந்து, உட்கார்ந்து, பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் என் ஆட்கள். தலைமை அலுவலகத்தின் சுற்றறிக்கைப்படி மாதம் நான்கு நிகழ்ச்சி, ஒவ்வொன்றுக்கும் பதினைந்து பேர். மூன்று மாதம் தொடர்ந்து குறைந்தால் நிகழ்ச்சி அறையைப் பழைய கோப்புகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். என்னை எதற்குக் கொடுப்பார்கள் என்று சுற்றறிக்கையில் இல்லை.

முதலில் நேர்மையாகத்தான் முயன்றேன். கணினியில் விண்ணப்பம் நிரப்பும் பயிற்சிக்கு நான்கு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் போனுக்குச் சார்ஜ் போட வந்தவர். விதைப் பரிமாற்ற நாளில் எல்லோரும் மிளகாய் விதை கொண்டுவந்தார்கள். மிளகாய் விதையைக் கொடுத்து மிளகாய் விதை வாங்கிக்கொண்டு போனார்கள். ‘மன அழுத்தத்தைக் கையாள்வது எப்படி’ என்ற சொற்பொழிவுக்குப் பேச்சாளர் மட்டும் வந்தார். இரண்டு மணி நேரம் தன் கதையைச் சொன்னார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். போகும்போது மனசு லேசாகிவிட்டது என்றார். அந்த வகையில் அது வெற்றிகரமான நிகழ்ச்சி. வருகை: ஒன்று.

வழி காட்டியவர் சலூன்காரர். ஒருநாள் துப்பறியும் நாவல் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் போட்டார்.

“இது என்ன தம்பி நியாயம்? முந்நூறு பக்கம் படிச்சிருக்கேன். கொலை பண்ணவன் யாருன்னு வர்ற எடத்துல பேப்பரே இல்ல. எவனோ கிழிச்சுட்டான்.”

பக்கத்து மேசையிலிருந்து மருந்துக்கடை அக்கா நிமிர்ந்தார். “தோட்டக்காரன்தான் பண்ணான். எனக்கு மொதல்லயே தெரியும்.”

“உங்களுக்கு எதுதான் மொதல்ல தெரியாது? காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே மாத்திரை குடுக்குற ஆளு.”

“தோட்டக்காரன் இல்லைங்க, டிரைவர்” என்றார் ஒரு லாரி டிரைவர். சொந்தத் தொழிலையே காட்டிக்கொடுத்ததால் அவர் பேச்சுக்கு மதிப்பு கூடியது.

அரைமணி நேரத்தில் பதினோரு பேர் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். நான் பதிவேட்டை நீட்டினேன். சண்டை மும்முரத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ‘நாவல் கலந்துரையாடல்’ என்று மேலே எழுதிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் ஸ்கேல் வாங்கினேன்.

துப்பறியும் கதை எதுவானாலும் கடைசி எட்டுப் பக்கம். வெட்டியவற்றை ‘பழைய சுற்றறிக்கைகள்’ என்று எழுதிய கோப்பில் வைத்தேன். அரசாங்கக் கட்டடத்தில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. வாசலில் பலகை மாட்டினேன்: ‘வியாழன் மாலை ஐந்து மணி. கடைசி அத்தியாயம் வாசிக்கப்படும். வந்தவர்களுக்கு மட்டும்.’ வராதவர்களுக்கு முடிவைச் சொல்லக் கூடாது என்பது விதி. இந்த ஊரில் வேறு எந்த விதிக்கும் அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. சலூன்காரர் தன் மனைவியிடமே சொல்லவில்லை. அடுத்த வாரம் அந்த அம்மாவும் வந்தார்.

இரண்டாவது மாதம் இருபத்து மூன்று பேர். பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர், கொலைகாரன் யார் என்பதில் ஒரே கட்சியாகி, ஒரே குடையில் வீட்டுக்குப் போனார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. கீழே இருந்தது உங்கள் கையெழுத்து என்று நினைக்கிறேன்.

புத்தகங்களைப் பற்றி அவ்வளவுதான். எல்லாம் நான் செய்தது, யாருக்கும் பங்கில்லை. ஆனால் உங்கள் பட்டியலில் முப்பத்தொன்றாவது புத்தகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை.

எனக்கு ஓர் அக்கா இருந்தாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள், தையல்காரி. அம்மா இல்லாத வீட்டில் என்னை ஆளாக்கியவள். என் பள்ளிச் சட்டைகளின் உள்மடிப்பில் ஓர் அங்குலம் துணி கூடுதலாக விட்டுத் தைப்பாள், நான் வளருவேன் என்று நம்பி. நான் அவ்வளவு வளரவில்லை.

போன வருடம் அவளுக்கு வயிற்றில் கட்டி. திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்கள். மூன்று வாரம் என்று டாக்டர் மாமாவிடம் சொன்னார். மாமா என்னிடம் சொன்னார். நான் அன்று மாலை நிகழ்ச்சி அறையின் மேசை நாற்காலிகளை எல்லாம் துடைத்து, வேறு விதமாகப் போட்டுப் பார்த்தேன். அறை விசாலமாகத் தெரிந்தது.

மாமா என்றால் அக்காவின் கணவர், பஸ் கண்டக்டர். ஒருநாள் பணி முடிந்து, தோளில் பையோடு வந்து நின்றார்.

“மாப்ள, உங்க அக்காவுக்கு ஒரு கதைப் புக்கு வேணுமாம். ரயில்ல ஏறின பொண்ணு எறங்கவே இல்லையாமே, அந்தக் கதையாம்.”

எடுத்துக் கொடுத்தேன். அது முன்பே வெட்டிய புத்தகம். மூன்றாம் நாள் திரும்பி வந்தார்.

“கடைசியில கொஞ்சம் பக்கம் காணோமாம்.”

“தெரியும் மாமா. வியாழக்கிழமை வரச் சொல்லுங்க.”

நான் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். “அவ கட்டில விட்டு எறங்கியே பத்து நாளாச்சுடா. நீ எடுத்துட்டு வந்து படிச்சுக் காட்டேன். ரெண்டு தெருதானே?”

“ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க மாமா.”

அவர் யோசித்தார். “அதுவும் சரிதான். நானும் சொந்தக்காரன்னு யாருக்கும் டிக்கெட் போடாம விட்டதில்ல.”

நல்ல மனிதர். விதி என்று சொன்னால் கட்டுப்படுகிறவர். இதை நான் பயன்படுத்திக்கொண்டேன் என்று எழுதலாம்.

அதன் பிறகு வாரம் ஒருமுறை, அக்கா தன் சந்தேகத்தை அவரிடம் சொல்லி அனுப்புவாள். “அந்த டிக்கெட் பரிசோதகர்தானான்னு கேக்குறா.” இல்லை என்பேன். “எதிர் சீட்டுக் கெழவனா?” இல்லை. மூன்று வாரம் முடிந்தது, அவள் இருந்தாள். நான்கு முடிந்தது, இருந்தாள். அப்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. முடிவுக்காகக் காத்திருக்கிறவள் அதைத் தெரிந்துகொள்ளாமல் போக மாட்டாள். அந்த எட்டுப் பக்கமும் என் கோப்பில் இருக்கும்வரை அவள் இருப்பாள். இது அறிவியல்படி சரியா என்று மருந்துக்கடை அக்காவிடம்கூடக் கேட்டேன். ஆர்வத்தினால் ஒரு நோயாளி பிழைத்திருக்க முடியுமா என்று.

“ஆர்வமா? அது நம்ம கடையில ஸ்டாக் இல்ல தம்பி” என்றார். பிறகு, “யாருக்குக் கேக்குற?” என்றார்.

நாவலில் வருகிற ஒருவருக்கு என்றேன்.

ஐந்தாவது வாரம் அக்காவே போன் செய்தாள். குரல் சன்னமாக இருந்தது, கேலி மட்டும் குறையவில்லை.

“என்னடா பெரிய மனுஷா. ரொம்ப பிஸியாமே?”

“நிகழ்ச்சி ஜாஸ்தியாயிடுச்சுக்கா.”

“அந்தப் பொண்ணு எறங்கினாளா இல்லையாடா?”

“வியாழக்கிழமை சொல்றேன்.”

“எந்த வியாழக்கிழமை?”

நான் ஸ்கேலைத் துடைத்து மேசைக்குள் வைத்தேன்.

“சரி, சொல்லாட்டிப் போ. சும்மா ஒரு எட்டு வந்துட்டுப் போயேன். உனக்குச் சட்டை அளவு எடுக்கணும்.”

“இப்ப எனக்கு எதுக்குக்கா சட்டை?”

“எனக்குப் பொழுது போக வேணாமாடா?”

வருகிறேன் என்று சொன்னேன். மறுநாள் காலை பலகையில் செவ்வாய்க்கிழமையையும் சேர்த்தேன். அடுத்த வாரம் சனி, ஞாயிறு. பிறகு மீதி நாட்கள். மக்கள் கேட்டார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். யாரும் கேட்கவில்லை. “தம்பி, எங்களுக்கும் வீடு வாசல்னு ஒண்ணு இருக்கு” என்று சலூன்காரரே சொன்னார். இருந்தும் வந்தார்கள். நான் வெட்டிக்கொண்டே இருந்தேன். நாற்பத்து மூன்றில் பன்னிரண்டு, அந்த இரண்டு வாரத்தில் வெட்டியவை. சாயங்காலம் என்று ஒன்று வந்தால் அதில் நான் செய்வதற்கு ஏதாவது இருக்க வேண்டியிருந்தது.

ஏழாவது வாரம், வியாழன், ஐந்தரை மணி. வாசித்துக்கொண்டிருந்தபோது மாமா வாசலில் வந்து நின்றார். சீருடையிலேயே வந்திருந்தார், பாதி டியூட்டியில் இறங்கியிருக்கிறார்.

“மாப்ள, கெளம்பு. இன்னைக்குக் கொஞ்சம் தெளிவா இருக்கா. உன்னக் கூட்டிட்டு வரச் சொன்னா. நீ இல்லாம வீட்டுக்குள்ள வராதீங்கன்னுட்டா. பக்கத்து வீட்டம்மா கூட இருக்காங்க.”

“பத்து நிமிஷம் மாமா. இதை முடிச்சிட்டு வந்துடறேன்.”

அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் பதிவேட்டைக் கொடுத்தனுப்பினேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். இருபத்து நான்காவது ஆள்.

எட்டுப் பக்கம் வாசிக்க வழக்கமாக இருபது நிமிடம் ஆகும். அன்று ஐம்பது நிமிடம் ஆனது. நிறுத்தி நிறுத்திப் படித்தேன். ஒரு பத்தி புரியவில்லையோ என்று சந்தேகப்பட்டு மறுபடியும் படித்தேன். தண்ணீர் குடித்தேன். நன்றாக இருக்கிறது என்று லாரி டிரைவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது கேட்டது.

நடுவில் மாமாவின் போன் அடித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அறையில் போன் பேசக் கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறது, நான்தான் எழுதினேன். “மன்னிச்சுக்குங்க” என்று எல்லோரிடமும் பொதுவாகச் சொல்லிவிட்டு அவர் அதை அணைத்து வைத்தார். என்னைப் பார்த்துக் கையால் சைகை காட்டினார், நீ படி என்று.

படித்தேன். கொலை செய்தவள் சமையல்காரி. எல்லோரும் கைதட்டினார்கள். மாமாவும் தட்டினார்.

வெளியே வந்து போனைப் போட்டார். பேசிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். என்னைத் திட்டவில்லை. “போனைக் கொஞ்சம் முன்னாடி எடுத்திருக்கலாம் இல்ல மாப்ள?” என்று தன்னைத்தான் கேட்பதுபோல என்னைக் கேட்டார். இன்றுவரை தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் திருத்தவில்லை. இந்த வாக்குமூலத்தின் ஒரு நகலை அவருக்குக் கொடுக்க விதியில் இடமிருந்தால் கொடுங்கள்.

இப்போது ஒரு திருத்தம். எட்டுப் பக்கத்தால் அக்காவைப் பிழைக்க வைத்திருந்தேன் என்று மேலே சொன்னதை அடித்துவிடுங்கள்.

எங்கள் நூலகத்தில் ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். எடுத்தவரின் உறுப்பினர் எண்ணும் தேதியும் அதில் ஏறும். புத்தகத்தைக் கொடுக்குமுன் அதைப் பார்ப்பது வழக்கம். மாமா முதல்முறை வந்து கேட்டபோதே பார்த்தேன். முந்நூற்றுப் பதினெட்டு. அக்காவின் எண். கல்யாணத்துக்கு முன் ஒருமுறை எடுத்திருக்கிறாள், பின் ஒருமுறை. இரண்டு முறையும் முழுப் புத்தகம். அந்தப் பெண் எந்த ஸ்டேஷனில் இறங்கினாள், ஏன் யாரும் பார்க்கவில்லை என்பதெல்லாம் அவளுக்குப் பல வருடமாகத் தெரியும். அவள் சொல்லி அனுப்பிய சந்தேகங்களில் ஒன்றுகூடச் சரியில்லை. விடை தெரிந்தவளால்தான் அவ்வளவு கச்சிதமாகத் தவறு செய்ய முடியும். ஒவ்வொரு வாரமும் மாமா வாயால் அதைக் கேட்டபோது, அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

நூலகத்திலிருந்து அவள் வீட்டுக்கு ஆறு நிமிட நடை. கட்டிலில் அவள் எப்படி இருக்கிறாள் என்பதை நான் பார்க்க விரும்பவில்லை. காரணம் இதுதான். சுற்றறிக்கை இல்லை, விதி இல்லை, அந்தப் பதினைந்து பேரும் இல்லை.

பிறகு, காரியங்கள் எல்லாம் முடிந்து மாமா ஒன்று சொன்னார். அந்த ஏழு வாரமும் கட்டிலுக்குப் பக்கத்தில், தன் முகத்துக்கு நேராக, தையல் மெஷின் நாற்காலியை இழுத்துப் போடச் சொல்லியிருந்தாளாம். அதில் யாரையும் உட்கார விடவில்லையாம். பார்க்க வந்தவர்கள் நின்றுகொண்டேதான் பேசிவிட்டுப் போனார்களாம். மருந்துப் பையைக்கூட அதன்மேல் வைக்க விடவில்லையாம். அந்த நாற்காலிக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை, ஐயா. உட்கார்ந்தால் ஆடும். அதனால்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.