தலை அசைய விடாத தலைமைப் பயிற்சியாளருக்கு

காலம் தவறாக் கடமையின் கண்ணாடியே! களத்தில் கண்டிப்பும் கருத்தில் கனிவும் ஒருங்கே கொண்டவரே! முப்பத்தோராண்டு எங்கள் டென்னிஸ் மன்றத்தின் மைதானங்களைக் கட்டி ஆண்ட தலைமைப் பயிற்சியாளரே! தாங்கள் பணி நிறைவு பெறும் இந்நன்னாளில், மன்றத்தின் ஊழியர்களாகிய நாங்கள் ஒன்றுகூடி இம்மடலை வாசித்து வழங்குகிறோம். அடைமொழிகள் இத்துடன் போதும். இன்னும் ஒன்று சேர்த்தால் தாங்களே எழுந்து, "விஷயத்துக்கு வாங்க" என்று சொல்லிவிடுவீர்கள்.

மட்டை பிடிக்க எவரும் கற்றுத் தரலாம். தலையைப் பிடித்து வைக்கக் கற்றுத் தந்தவர் தாங்களே! கையில் வலு இல்லை என்று வந்தவர்களையும், கால் ஓடவில்லை என்று வந்தவர்களையும் தாங்கள் முதலில் கழுத்துக்கு மேலேதான் சோதித்தீர்கள். வரும் பந்தின் தையல் தெரியும் அளவுக்கு உற்றுப் பார்க்க வேண்டும்; மட்டை அதைத் தொட்ட பிறகும் தொட்ட இடத்திலேயே பார்வை நிற்க வேண்டும். பந்து எங்கே போனது என்று பார்க்கும் அவசரத்தில் தலை நிமிர்ந்தால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் மட்டை சாயும், மட்டை சாய்ந்தால் பந்து வலையில்தான் போய் விழும். இவ்வளவுதான் தங்கள் பாடம். இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போகவே, பிற்பாடு ஒரே சொல்லில் சுருக்கிவிட்டீர்கள். மட்டையில் பந்து படும் நொடியில் "கண்ணு!" என்று ஓர் அதட்டல். வேலியில் உட்கார்ந்திருக்கும் காக்கைகூட அதற்குப் பறந்துவிடும்.

அந்தச் சொல்லால் ஒருவருடைய பிழைப்பே போக இருந்ததையும் இந்த நாளில் சொல்லியாக வேண்டும். சம்பந்தப்பட்டவரே, "படிங்க, பரவாயில்ல" என்று அனுமதி தந்துவிட்டார்.

எங்கள் உதவிப் பயிற்சியாளர் தற்காலிக வேலையில் இருந்த காலம் அது. வேலை நிரந்தரமாக வேண்டுமானால் தேர்வாளர் முன்னால் ஆடிக் காட்ட வேண்டும். வேகமாக வரும் பந்தைத் திருப்பியடித்து, எதிர்ப்பக்க மூலையில் வரைந்த கட்டத்துக்குள் விழ வைக்க வேண்டும். ஒருமுறை முயன்று தோற்றிருந்தார். மறுபடியும் கோட்டை விட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று மன்றம் கறாராகச் சொல்லிவிட்டது. அவர் மனைவிக்கோ பேறுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மனுஷனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், தாங்கள் பக்கத்தில் இல்லாதபோது அவர் வெளுத்து வாங்குவார். தாங்கள் வலைக் கம்பத்தருகே வந்து நின்றால் போதும், பந்து படும் நேரத்தில் தலை வெடுக்கென்று திரும்பும். பந்து வலையில் முட்டும். அவருக்குத் தங்களிடம் பயம் என்று நாங்கள் நினைத்தோம். பந்து போகும் திசையைப் பார்க்கும் அவசரம் என்று தாங்கள் நினைத்தீர்கள். ஆகவே தாங்கள் இன்னும் உரக்கக் கத்தினீர்கள், அவர் இன்னும் மோசமாக ஆடினார். "எனக்கு மட்டையே வேண்டாம், வேற ஏதாவது பொழப்பு பாக்கறேன்" என்று வீட்டில் சொல்லும் அளவுக்கு மனம் விட்டுப்போனது அவருக்கு.

தேர்வுக்குச் சில நாள் முன்பு, வெயில் முகத்தில் அடிக்கிறதென்று தாங்கள் வழக்கமான வலப்பக்கத்தை விட்டு இடப்பக்கம் போய் நின்றீர்கள். அவர் எப்போதும்போல் வலது மூலையைப் பார்த்துத்தான் அடித்தார். தலை இடப்பக்கம் திரும்பியது. தாங்கள் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினீர்கள்.

"பந்து அந்தப் பக்கம் போகுது. நீங்க எதுக்கு என்னைப் பாக்கறீங்க?"

"நீங்கதானே கூப்பிட்டீங்க, மேடம்."

"நானா? எப்போ?"

அவர் நெளிந்தார். "வீட்டுல எல்லாருக்கும் நான் கண்ணுதான். அம்மா, அக்கா, இப்போ அவளும் அப்படித்தான் கூப்பிடறா. அந்தச் சத்தம் கேட்டா தலை தானா திரும்பிடுது. நீங்களும் பாசமா கூப்பிடறீங்கன்னு நெனச்சேன்."

"பாசமாவா? நானா?"

கோடு போட்டுக்கொண்டிருந்த மைதானக்காரர் சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். தாங்களும் சிரித்தீர்கள், அது அபூர்வம் என்பதால் இங்கே பதிவு செய்கிறோம். சிரித்து முடித்துவிட்டு, அத்தனை பேர் எதிரிலும், "தப்பு என்னுது. இத்தனை நாளா உங்க தலையை ஆட்டினது நான்தான்" என்றீர்கள். "இனிமே நான் வாயைத் திறக்கல. பந்து படும்போது நீங்களே மனசுக்குள்ள 'பட்டது'ன்னு சொல்லிக்குங்க. சொல்லி முடிச்சப்புறம் நிமிர்ந்தா போதும்."

மேலதிகாரி ஒருவர் தமக்குக் கீழே இருப்பவரிடம் இப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அவருக்கு அன்றைக்கே பாதி பாரம் இறங்கிவிட்டது. அதன் பிறகு தாங்கள் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டீர்கள். மேடத்துக்கு உடம்பு சரியில்லையா என்று உறுப்பினர்கள் அலுவலகத்தில் வந்து விசாரித்தார்கள்.

தேர்வு நாளன்று சில பந்துகள் உள்ளே விழுந்தன, சில வெளியே போயின. இழுபறியாகி, கடைசிப் பந்து விழுந்தால்தான் வேலை என்று வந்து நின்றது. தாங்கள் வேலிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டீர்கள். பந்து வந்தது. அவர் தையலைப் பார்த்தார், அடித்தார், மனதுக்குள் 'பட்டது' என்றார். சொல்லி முடித்த பிறகும் நிமிரத் தைரியம் வரவில்லை. பிறக்கப்போகும் குழந்தையை நினைத்துக்கொண்டு, பந்து பட்ட இடத்தையே வெறித்தபடி நின்றார். தேர்வாளர் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. தாளில் என்னவோ குறித்துக்கொண்டார்.

"மேடம், உள்ளயா?" என்றார் அவர், குனிந்தபடியே.

தாங்கள் திருதிருவென்று விழித்தீர்கள். "எனக்கு எப்படித் தெரியும்? நான் உங்க தலையைத்தானே பாத்துக்கிட்டிருந்தேன்!" பிறகு மைதானக்காரர் பக்கம் திரும்பி, பதறிப்போய்க் கேட்டீர்கள்: "சொல்லுங்க, உள்ளயா, வெளியவா?"

"ரெண்டு பேரும் நல்லா பாத்தீங்க போங்க! கட்டத்துக்கு நட்டநடுவுல விழுந்துச்சு!"

அவர் அப்போதுதான் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்ததால் அப்போதும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

எங்களுக்கு உறைத்தது வேறொன்று. இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பேர் அடித்த நல்ல பந்துகள் எதையும் தாங்கள் விழக் கண்டதில்லை. மற்றவர்கள் பந்தைப் பார்த்துக் கைதட்டிய ஒவ்வொரு முறையும் தாங்கள் அடித்தவரின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

தன்னலம் துறந்த தகைமையாளரே! முழங்கால் வலி தீர்ந்து, நோய்நொடி தீண்டாது, உற்றார் உறவினர் புடைசூழ நூறாண்டும் அதற்கு மேலும் நலமே வாழ்க! நாளை முதல் பார்வையாளர் வரிசையில் தங்களுக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைக்கிறோம். வந்து சாய்ந்து உட்காருங்கள், மேடம். எங்கள் தலைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தாங்கள் பந்து எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

என்றென்றும் தங்கள் பயிற்சியில் நிற்கும்
மன்ற ஊழியர்கள் அனைவரும்