கெணத்துக்கே திரும்புற தண்ணி

இப்பவே சம்மந்தின்னு கூப்டாதீங்கக்கா. மொதல்ல காப்பியக் குடிங்க. தண்டலத்துலருந்து வந்திருக்கீங்க. ஆம்பளைங்க வர கொஞ்ச நேரம் ஆவும். எங்க வூட்டுக்காரரு யாரு வந்தாலும் கெணத்தாண்ட இட்டுனு போயி அந்தப் புது மோட்டாரக் காட்டாம வுட மாட்டாரு. அதுக்குள்ள நான் சொல்லிடணும்.

பையனா? நல்லவன்தான். எம் புள்ள கன்னியப்பன் குடிக்க மாட்டான், வேலைக்கு மட்டம் போட மாட்டான். வாட்டசாட்டமா கீறான்னு நீங்களே சொன்னீங்க. அதாங்க்கா நான் சொல்ல வேண்டியதா கீது. பாத்தா ஒண்ணும் தெரியாது.

கல்யாணத்துக்கு மின்னாடி ஜல்லி லாரிலருந்து வுழுந்தான். முதுகெலும்புல அடி. ஆபரேசன் பண்ணி எழுந்து நடந்துட்டான். வல்லக்கோட்டைக்குப் போயி மொட்டையும் போட்டோம். அப்புறம் கல்யாணம். வருசம் போவுது, புள்ள இல்ல. ஊரு யாரச் சொல்லும்? மொதத் தாரமா வந்த மூத்தவளத்தான் சொல்லிச்சி.

போன மாசம் மெட்ராசு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட போனேன். பொண்டாட்டியோட வர மாட்டேன்னுட்டான். எலக்சன் கூட்டத்துல அந்தக் குண்டு வெடிச்சதுலருந்து வழியெல்லாம் பஸ்ஸ நிறுத்தி நிறுத்தி செக்கிங்கு. அங்க டாக்டரு சொன்னத வெக்கத்த வுட்டு சொல்றேன், மூஞ்சத் திருப்பிக்காதீங்க. நானு அஞ்சாவதோட நின்னவ, எனக்குப் புரிஞ்ச மாதிரிதான் சொல்லுவேன்.

கை காலு நாம சொன்னா ஆடும். உள்ள குடல் தானா அசையுது பாருங்க, அந்த மாதிரி சதை ஆம்பள ஒடம்புலயும் கீதாம். நம்ம பேச்சு கேக்காது, நரம்பு சொன்னாதான் கேக்கும். அந்த நேரத்துல கொழாயப் புழிஞ்சித் தள்ளுன்னு சொல்லணும், மூத்திரப் பை வாய இறுக்கி மூடுன்னும் சொல்லணும். இவனுக்கு முதுகெலும்ப ஒட்டி எறங்குற மெல்லிசு நரம்பு அன்னிக்கே நசுங்கிப்போச்சு. வாய் மூடல. வெளிய வர வேண்டியது பின்னாடி மூத்திரப் பைக்குள்ள பூடுது. மோட்டாரு ஓடினு கீது, அடியில வால்வு மூடல, ஏத்துன தண்ணி கெணத்துக்கே திரும்புது.

சத்து இல்லியான்னா? அதெல்லாம் கீது. மூத்திரத்த எடுத்து கண்ணாடில பாத்தா உசுரோட நீஞ்சுதாம். மாத்திர குடுத்தாரு. நரம்ப உசுப்பி வாய மூட வெச்சாலும் வெக்கும்னாரு. இல்லன்னா மூத்திரத்துலருந்தே பிரிச்சி எடுத்து பொண்டாட்டிக்கு வெச்சிப் பாக்கலாமாம்.

எங்க முழுங்குனான்? மாட்டுக் கொட்டாயில வீசிட்டான். நான் இன்னா பொட்டயா, யார்கிட்டனா வாயத் தொறந்த, லாரிக்கு அடியில போயி படுப்பேன்னான். அவங்கப்பன் ரெண்டாந்தாரம்னு கெளம்புனதுக்கும் தல ஆட்டிட்டான். வேணாம்னா ஏன்னு கேப்பாங்களே.

அழுவாதீங்கக்கா. ஜாதகம் பொருந்தலன்னு சொல்லிட்டுப் போயிடுங்க. எம் பேர மட்டும் எடுக்காதீங்க. இங்க வந்தா உங்க பொண்ணு லீலாவையும் நாளைக்கு மலடின்னுதான் கூப்புடுவாங்க.

மூத்தவளா? தீத்து அனுப்பியாச்சு, அம்மா வூட்டுல கீறாளுன்னா சொன்னாங்க?

டம்ளரக் கீழ வெக்காதீங்க. உள்ள போயி அது கையிலயே குடுங்க. காப்பி கொண்டாந்துச்சே, என் தங்கச்சி பொண்ணுன்னு சொன்னாங்களே. அதான் மூத்தவ, ஜோதி. தாலிய ரவிக்கைக்குள்ள தள்ளினு வான்னு அது மாமனாரு சொன்னாரு, அதுவும் செஞ்சிது. கொற தம்மேலதான்னு நெனச்சிக்கினு கீது.

சக்கர போதுமான்னு உங்களக் கேட்டுச்சில்ல?