வெண்டலிடம் வழி கேட்காதே

இந்தப் பெருவிழாவுக்குத் தலைமை ஏற்று, சுட்டெரிக்கும் வெயிலில் தொப்பிகூடப் போடாமல் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் கண்காட்சித் திடல் குழுத் தலைவி திருமதி ஹார்ட்விக் அவர்களே! நாற்பது ஆண்டுகளாகத் தகரத் தோப்பு இசைக்குழுவின் பின்னாலேயே ஊர் ஊராக வந்து, தலை நரைத்த பிறகும் ஆட்டத்தை நிறுத்தாத பெரியோர்களே! பிள்ளைகளின் காதில் பஞ்சு வைத்துத் தோளில் தூக்கி வந்திருக்கும் தாய்மார்களே! நீண்ட கம்பங்களில் மைக்குகளைக் கட்டி, எங்கள் தலைகளுக்கு மேலே ஒரு காடே வளர்த்து வைத்திருக்கும் ஒலிப்பதிவு நண்பர்களே! வண்டி நிறுத்தும் இடத்தில் சீஸ் டோஸ்ட் சுட்டு எங்கள் பசி தீர்த்த தோழியரே! டிக்கெட் இல்லாமல் ஒற்றை விரலை உயர்த்தி நின்று, யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் நீட்டிய டிக்கெட்டில் உள்ளே வந்திருக்கும் அதிர்ஷ்டசாலிகளே! உங்கள் அனைவருக்கும் ஸ்பிரிங்ஃபீல்டில் நின்று வணக்கம் சொல்கிறேன். இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில்! இந்த முறை பலகையை மூன்று தடவை படித்துவிட்டுத்தான் வந்தேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்த பிறகு ஒரு சங்கதி சொல்ல வேண்டும்.

என் பெயர் இர்மா ஷிமான்ஸ்கி. எனக்குப் பாடத் தெரியாது, ஆடத் தெரியாது, பஸ் ஓட்டத் தெரியும். இருபத்தேழு ஆண்டுகளாக இந்தக் குழுவின் பஸ்ஸை ஓட்டுகிறேன். மேடையில் ஏறிப் பேசுவது இதுதான் முதல் தடவை.

என்ன தம்பி, அங்கே சத்தம்? "பேசுனது போதும், பாட்ட ஆரம்பிங்க" என்கிறாயா? ஆரம்பிக்கலாம். முதலில் மேடையைப் பார். கஸ் டிரம்ஸின் முன்னே அமர்ந்துவிட்டார். கர்ட்டிஸ் கிதாரைத் தோளில் மாட்டிவிட்டார். அந்தக் கீபோர்டுக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருக்கிறதே, அதில் யார் இருக்கிறார்? யாரும் இல்லை! அந்த நாற்காலிக்கு உரியவர் வெண்டல் ஹாஸ்கின்ஸ். அவர் இந்த மேடைக்குப் பின்னால், நாற்பது அடி தூரத்தில், என் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கிறார். இறங்க மாட்டேன் என்கிறார்.

குளிர்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்ததும் பிழைத்து எழுந்ததும் உங்களுக்குத் தெரியும். இடது கை முழுதாகத் திரும்பவில்லை என்பது தெரியாது. இன்று காலை என்னிடம் சொன்னார்: "இர்மா, கை பின்தங்குது. மத்தவங்க ஓடுறப்ப நான் மட்டும் நொண்டிக்கிட்டு வரணுமா? அவங்க ஆட்டத்தக் கெடுக்க நான் வரல. நீ போய் ஏதாவது சொல்லிச் சமாளி."

சமாளிக்க நான் ஏறவில்லை. அவரை இறக்கத்தான் ஏறியிருக்கிறேன். பஸ்ஸின் ஜன்னல் திறந்திருக்கிறது. திறந்து வைத்தவள் நான்தான். கேட்டுக்கொண்டிரு, வெண்டல்!

நண்பர்களே, தகரத் தோப்பின் பாட்டு வானொலியில் ஒலித்ததா? இல்லை. பெரிய பரிசு ஏதாவது பெற்றதா? இல்லை. இசைத்தட்டு விற்றுக் குவித்ததா? கர்ட்டிஸின் அம்மா வாங்கியதைக் கழித்துவிட்டால் அதுவும் இல்லை! பிறகு எப்படி நின்றது இந்தக் குழு? ஊர் ஊராகப் போய் நின்றது. பர்லிங்டனில் பால் பண்ணைக் கொட்டகையில் வாசித்தது. டெலூரைடில் மேகம் மேடைக்குள் புகுந்த பிறகும் வாசித்தது. பொய்ஸியில் பதினோரு பேருக்கு முன்னால் வாசித்தது. அந்தப் பதினோரு பேரில் ஒருவர் நாய் பிடிக்க வந்தவர்! நேற்று வாசித்த பாட்டு வரிசையை இன்று வாசித்ததில்லை. முந்நூறு பேர் வந்தாலும் முப்பதாயிரம் பேர் வந்தாலும், சொன்ன நாளில் வராமல் இருந்ததே இல்லை.

ஒரே ஒரு நாள் அந்தப் பெயர் போகப் பார்த்தது. போக வைத்தது யார் என்பதில்தான் இருபத்தேழு ஆண்டுகளாக ஒரு பொய் இருக்கிறது.

அதோ, மூன்றாம் வரிசையில் ஒரு பச்சைச் சட்டை. எழுந்து நில்லுங்கள் அம்மா. என்ன எழுதியிருக்கிறது? "வெண்டலிடம் வழி கேட்காதே." இங்கே இந்தச் சட்டை இல்லாத வீடு உண்டா? என் வீட்டிலேயே இரண்டு இருக்கிறது. ஒரு தடவைகூட நான் போட்டதில்லை. ஏன் தெரியுமா?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு, ஜூலை மாதம். நான் வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது நாள். அந்தப் பத்தொன்பது நாளில் பதினோரு நாளாக வெண்டலும் கர்ட்டிஸும் பேசிக்கொள்ளவில்லை. காரணம்? டென்வரில் வெண்டல் தனியாக வாசித்துக்கொண்டிருந்தபோது, பத்தொன்பதாவது நிமிடத்தில் கர்ட்டிஸ் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார். ஊரார் காதுக்கு அது ஒன்றுமே இல்லை. இவர்களுக்கோ, பேச்சின் நடுவே வாயைப் பொத்தியதற்குச் சமம். அதற்குப் பிறகு பஸ்ஸில் சாப்பாட்டு மேசையே போர்க்களம்.

"இர்மா, அந்த ஆள்கிட்ட உப்ப நகத்தச் சொல்லு."

"இர்மா, உப்பு அந்த ஆளு கைக்கு எட்டுற தூரத்துலதான் இருக்குன்னு சொல்லு."

நான் ஸ்டியரிங்கைப் பிடிப்பதா, உப்பைப் பிடிப்பதா? ஸ்பிரிங்ஃபீல்டு கச்சேரியோடு குழுவைக் கலைத்துவிடுவது என்று இருவரும் தனித்தனியாக முடிவு கட்டியிருந்தார்கள். தனித்தனியாக என்னிடம் மட்டும் சொன்னார்கள். பத்தொன்பது நாள் வேலைக்காரிக்கு எவ்வளவு பெரிய மரியாதை, பாருங்கள்!

டல்சாவிலிருந்து கிளம்பினேன். நெடுஞ்சாலையில் 'ஸ்பிரிங்ஃபீல்டு' என்று பெரிய பலகை வந்தது. திரும்பினேன், தங்கும் விடுதி பார்த்து நிறுத்தினேன், நிம்மதியாகத் தூங்கினேன். காலை ஒன்பதரைக்கு அனைவரும் உணவகத்துக்குப் போனோம். கர்ட்டிஸ் நாக்கைச் சப்புக் கொட்டிக்கொண்டு கேட்டார்: "அக்கா, உங்க ஊரு குதிரைலாடம் ஒண்ணு. சீஸ் குழம்பு தாராளமா ஊத்துங்க."

பரிமாற வந்த பெண்மணி இடுப்பில் கை வைத்தார். "லாடமா? குதிரைய எங்க கட்டியிருக்கீங்க?"

"ரொட்டி மேல கறி, கறி மேல உருளக்கிழங்கு வறுவல்... அந்த லாடங்க."

"ஓ, அந்த சாண்ட்விச்சா! அது இல்லினாய் ஸ்பிரிங்ஃபீல்டு, கண்ணு. இது மிசௌரி ஸ்பிரிங்ஃபீல்டு. இங்க முந்திரிக் கோழிதான். கொண்டாரவா?"

நண்பர்களே, அந்த நிமிடம் எனக்குக் காலடியில் தரை இல்லை. முந்நூறு மைலுக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டேன்! பகல் ஒரு மணிக்குக் கச்சேரி. லாரி ஓட்டிய புத்திசாலி, இசைக்கருவிகள் அத்தனையையும் சரியான ஸ்பிரிங்ஃபீல்டில் இறக்கிவிட்டான். கருவி இங்கே, கலைஞர்கள் அங்கே, இரண்டுக்கும் நடுவே ஐந்து மணி நேரச் சாலை!

ஓட்டினேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மிசிசிப்பி ஆற்றைத் தாண்டி டீசல் போட நிறுத்தியபோது மணி ஒன்று இருபது. அங்கே இருந்த காசு போடும் தொலைபேசியில் திடலுக்குப் பேசினேன். ஒலி மேசையில் இருந்த நோரீன் எடுத்தாள்.

"நோரீன், எல்லாம் போச்சா? ஜனங்க கிளம்பிட்டாங்களா?"

"கிளம்புறதா? ஏய், கச்சேரி சொன்ன நேரத்துக்கு ஆரம்பிச்சாச்சுடி!"

"யாரு வாசிக்கிறா?"

"நீயே கேளு" என்று தொலைபேசியைத் திடல் பக்கம் நீட்டினாள்.

என்ன நடந்தது தெரியுமா? மணி ஒன்று அடித்தது. மேடை காலி. கச்சேரி ரத்து என்று அறிவிக்க, முன்னதாகவே வந்திருந்த எங்கள் குழு மேலாளர் மைக்கை நோக்கி நடந்தார். அவர் வாய் திறப்பதற்குள், சீஸ் டோஸ்ட் சுட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் தட்டையான கரண்டியால் கல்லின் மேல் தட்டத் தொடங்கினாள். டக், டக், டடக்! பக்கத்தில் நின்றவர் கைதட்டினார். அவருக்குப் பின்னால் நூறு பேர் தட்டினார்கள். நூறு ஆயிரமானது, ஆயிரம் ஒன்பதாயிரமானது. வராத குழுவுக்காக, வருமா என்றே தெரியாத குழுவுக்காக, ஒன்பதாயிரம் பேர் ஒரே தாளம்!

நான் தொலைபேசியைக் கர்ட்டிஸிடம் கொடுத்தேன். அவர் கேட்டார். முகம் மாறியது. வெண்டல் வந்து நின்றார். இருப்பது ஒரு தொலைபேசி, காதோ இரண்டு. பதினோரு நாளாக முகம் பார்க்காத இரண்டு பேரும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நின்று கேட்டார்கள்.

"வேகமாப் போறாங்கடா" என்றார் கர்ட்டிஸ்.

"வேகமெல்லாம் இல்ல. நீ மெதுவா வாசிச்சே பழகிட்ட" என்றார் வெண்டல்.

"நானா மெதுவு? நீதான்டா ஒரே பாட்ட இழு இழுன்னு இழுப்ப!"

"அதான் டென்வர்ல வெட்டிட்டியே!"

"சரிடா, வெட்டுனது தப்புதான். வா, போலாம்."

அவ்வளவுதான்! பதினோரு நாள் பகை பத்து வினாடியில் முடிந்தது. மீதி வழி முழுக்க, கஸையும் சேர்த்து மூவரும் சாப்பாட்டு மேசையில் அதே தாளத்தைத் தட்டிக்கொண்டே வந்தார்கள். நான் பிரேக் மிதித்தால்கூடத் தாளம் தப்பவில்லை. இரண்டு ஐம்பதுக்கு உள்ளே நுழைந்தோம். நீங்கள் நிறுத்தவில்லை. கை சிவந்து, தொண்டை வறண்டு, ஒரு மணி ஐம்பது நிமிடம் நீங்கள் நிறுத்தவில்லை! கஸ் ஓடிப்போய் உட்கார்ந்து உங்கள் தாளத்திலேயே முதல் அடியைப் போட்டார். அன்றைய பாட்டு வரிசையை எழுதி வைத்த நண்பர்கள் முதல் பாட்டின் பெயரை என்னவென்று எழுதினார்கள்? சொல்லுங்கள்! கேட்கவில்லை, உரக்கச் சொல்லுங்கள்!

"நாங்கள்!" ஆமாம், "நாங்கள்" என்று எழுதினார்கள்.

ஆனால் முதல் அடிக்கு முன்னால் ஒன்று நடந்தது. மேலாளர் மேடை ஓரத்தில் நின்று கத்தினார்: "யாரு பண்ணுன வேலை இது? அந்தப் புது டிரைவரா? இப்பவே கணக்க முடிச்சு அனுப்புங்க!" நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் வெண்டல் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"ஐயா, அம்மா, தப்பு என்னோடது. அந்தப் பொண்ணு நேரா இங்கதான் வந்துகிட்டிருந்தா. நான்தான் ஊரு வந்துருச்சு, திருப்பும்மான்னு சொன்னேன்."

ஒன்பதாயிரம் பேர் சிரித்தார்கள். மேலாளரும் சிரித்தார். என் வேலை பிழைத்தது. அடுத்த வாரமே பச்சைச் சட்டை வந்துவிட்டது. அந்த நாள் தொட்டு, போகிற ஊரில் எல்லாம் அந்த மனிதரைக் கேலி செய்கிறீர்கள். அவரும் சட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். நானோ இருபத்தேழு ஆண்டுகளாகக் கோழையைப் போல வாயை மூடிக்கொண்டிருந்தேன். எத்தனை ஊர் கடந்தேன்! எத்தனை பாலம் கடந்தேன்! இந்த வெட்கத்தை மட்டும் கடக்க முடியவில்லை.

கேளுங்கள், ஸ்பிரிங்ஃபீல்டு மக்களே! வழி தவறியது வெண்டல் இல்லை. நான்! பலகையைப் பார்த்துத் திரும்பியது நான்! அவர் அப்போது பின் படுக்கையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்!

ஓ என்று கத்துகிறீர்கள். கத்துங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன். கர்ட்டிஸ், ஏன் கிதாருக்குப் பின்னால் முகத்தை மறைக்கிறாய்? உனக்கும் தெரியும்தானே?

வெண்டல், இப்போது உன்னிடம் பேசுகிறேன். கை பின்தங்குகிறது என்றாயே, பின்தங்குவது இந்த ஊருக்குப் புதிதா? நாம் ஒரு மணி ஐம்பது நிமிடம் பின்தங்கியபோது விட்டுவிட்டுப் போனார்களா இவர்கள்? முந்நூறு மைல் பின்தங்கியவளை நீ விட்டுவிட்டுப் போனாயா? என் தப்பை உன் தோளில் தூக்கிக்கொண்டாயே, உன் இடது கையைத் தூக்க எங்களுக்குத் தோள் இல்லையா? நீ இல்லாமல் வேகமாக வாசிக்கலாம். அந்த வேகம் யாருக்கு வேண்டும்? எனக்கு வேண்டாம்! கர்ட்டிஸுக்கு வேண்டாம்! இந்தத் திடலுக்கு வேண்டாம்!

தாய்மார்களே, பெரியோர்களே, நண்பர்களே! அன்று வேகமாகத் தட்டினீர்கள். இன்று மெதுவாகத் தட்டுங்கள். கஸ் டிரம்ஸைத் தொட வேண்டாம், நீங்கள் தொடங்குங்கள். டக். டக். டடக். இல்லை, இன்னும் மெதுவாக! அந்தக் கை நடந்து வரட்டும், நாம் கூடவே நடப்போம். டக். டக். டடக். அப்படித்தான்! கடைசி வரிசை, எனக்குக் கேட்கவில்லை! அப்படித்தான்!

நிறுத்தாதீர்கள். ஒரு சத்தம் கேட்டதா? உஸ் என்று ஒரு காற்றுச் சத்தம்? உங்களுக்குக் கேட்டிருக்காது. அது என் பஸ்ஸின் கதவு. இருபத்தேழு ஆண்டு நான் திறந்து மூடிய கதவு, இன்று உள்ளேயிருந்து திறக்கிறது.

வருகிறார். படியில் கை பிடிக்காதே கஸ், அவரே ஏறட்டும். தட்டிக்கொண்டே இருங்கள்! என்ன வெண்டல், மேடைக்கு வழி தெரிந்ததா?

"உன்கிட்ட கேக்கல இர்மா. அதான் சரியா வந்துட்டேன்!"

கேட்டீர்களா! அந்த நாற்காலி நிறைந்துவிட்டது. இதற்கு மேல் பஸ்காரிக்கு மைக் எதற்கு? பொறுமையாகக் கேட்ட தலைவி அவர்களுக்கு நன்றி. அன்றும் இன்றும் கை ஓயாத உங்களுக்கு என் உயிர் உள்ளவரை நன்றி. பச்சைச் சட்டைக்காரர்களே, பேனாவோடு மேடை ஓரத்தில் நிற்கிறேன். வெண்டல் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதித் தருகிறேன். வணக்கம்!